விட்டமின்தானே என்று நினைத்தேன்

முகப்பருவுக்கு விட்டமின் ஏ நல்லது என்று ஆபீஸில் ஒரு தோழி சொன்னாள். தாராவியில் எங்கள் தெரு முனை மெடிக்கலில் சீட்டு கேட்காமலே கொடுத்தார்கள். தினம் ஒன்று போதும் என்றார்கள். சீக்கிரம் போகட்டுமென்று நான் இரண்டு போட்டேன், சில நாள் மூன்று. விட்டமின்தானே. வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிய ஏழு வாரமானது. அதுவரை நிறுத்தவில்லை.

மாஹிமில் டாக்டரம்மா மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. "இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்று இந்தியில் கேட்டார். அளவுக்கு மீறினால் கருவின் காது, முகம், இதயம் உருவாவதையே இது கெடுத்துவிடலாம், கெடுத்துத்தான் இருக்கும் என்றும் இல்லை என்றார். ஐந்தாம் மாத ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டும். ஈரலிலும் அதே சத்து நிறைய இருக்கிறது, தொடக்கூடாது.

வீட்டில் ஒரே அறை. என் கணவர், மாமனார், அத்தை என்று நான் கூப்பிடும் மாமியார், நான். அழவேண்டுமென்றால் பொதுக் கழிப்பறை வரிசையில் நின்று உள்ளே போய்த்தான் அழவேண்டும். இதில் அத்தை வாரத்துக்கு மூன்று நாள் ஆட்டு ஈரல் வாங்கி மிளகு போட்டு வதக்கித் தட்டில் வைப்பார். குமட்டுது என்று பத்து நாள் ஓட்டினேன்.

ஒரு மத்தியானம் அத்தை கண் கலங்கினார். "ஏளா, என் கைப்பக்குவம் பிடிக்கலியா? இல்ல என்னையே பிடிக்கலியா?"

சொல்லிவிட்டேன். மாத்திரை, டாக்டர் சொன்னது, எல்லாம். சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தேன். அத்தை எழுந்து கதவைச் சாத்தினார்.

"அவன்ட்ட சொல்லிராத. ஒன் மாமாட்டயும் சொல்லிராத. காலம் பூரா ஒன்னயத்தான் குத்துவாவ."

அன்றிலிருந்து ஈரல் வரவில்லை. ஆனால் நான் எங்கே திரும்பினாலும் அத்தையின் கண் என் வயிற்றில் இருந்தது. அந்த அறையில் முன்பு நான் மட்டும் அடைபட்டிருந்தேன். இப்போது அத்தையையும் உள்ளே இழுத்துப் பூட்டிக்கொண்டேன்.

ஸ்கேனில் குறை எதுவும் இல்லை. "எல்லாமே ஸ்கேனில் தெரியாது" என்றும் டாக்டரம்மா சொன்னார். அந்த ஒரு வாக்கியம் பிரசவம் வரை என்னைத் தூங்கவிடவில்லை.

பெண் பிறந்தாள். காது, உதடு, இதயத் துடிப்பு, எல்லாம் சரி என்றார்கள்.

பேச்சு மட்டும் சற்றுத் தாமதமாக வந்தது. அதுவரை நானும் அத்தையும் மாறி மாறி அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டினோம். ஒவ்வொரு முறையும் திரும்பினாள். திரும்பியதும் மறுபடி தட்டினோம்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று அவர் சிரிப்பார்.

"வெளையாட்டுதாம்ல" என்பார் அத்தை.