மூச்சுக்குள் வைத்த வன்மம்

மார்பில் இருப்பது புற்றுநோய்தான் என்று ரிசல்ட் வந்த அன்று மாலை, தாராவி வீட்டின் மேல் ரூமில் படுத்திருந்தேன். நான் தூங்கிவிட்டதாக நினைத்து, கீழே மைனி, என் கணவரின் அக்கா, போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அவ எத்தன நாளைக்கு இருப்பாளோ. தம்பிக்கு ஒண்ணும் வயசாயிரல. திலக் நகர்ல ஒரு பொண்ணு இருக்குன்னாங்க, விசாரிச்சு வைங்க."

சாகக் கூடாது என்று அப்போதுதான் முடிவெடுத்தேன். பிள்ளைகளுக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் அவள் முகத்தில் கரியைப் பூசுவதற்காக.

ஆபரேஷன் முடிந்ததும் செம்பூர் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கியது. எங்கள் ஆட்கள் கரண்ட் வைப்பது என்பார்கள். எனக்கு இடது பக்கம், பின்னாலேயே இதயம். டாக்டரம்மா திரையில் காட்டினார். எத்தனையோ பேருடைய ஸ்கேன்களைப் பார்த்துப் பழகிய ஏஐ, என் இதயத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டிருந்தது. அவர் ஒவ்வொரு படமாகப் பார்த்து இரண்டு இடத்தில் கையால் திருத்தினார். மூச்சை நிறைய இழுத்துப் பிடித்தால் இதயம் கதிர் படாமல் விலகிக்கொள்ளும், மார்பு கொஞ்சம் இறங்கினாலும் மெஷின் தானே நின்றுவிடும் என்றார்.

"ஸான்ஸ் ரோக்கோ" என்று ஸ்பீக்கரில் இந்தியில் குரல் வரும். இருபது எண்ணும்வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். முதல் நாள் பத்தைத் தாண்டவில்லை. மறுநாள் சாமி பெயரைச் சொல்லிப் பார்த்தேன், பதின்மூன்று. மூன்றாம் நாள் மைனியை நினைத்தேன். என் வளைகாப்பில் என் அம்மாவைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தது. என் பட்டுச் சீலையை இரவல் வாங்கிப் போய்த் தன் மகளுக்குக் கொடுத்தது. திலக் நகர்ப் பெண். மூச்சு கல்லு மாதிரி நின்றது. "பகுத் அச்சா" என்றான் டெக்னீஷியன்.

நான்காம் வாரம் அவளே துணைக்கு வந்தாள், தூக்குச்சட்டியில் ரசஞ்சோற்றோடு. பெஞ்சில் உட்கார்ந்து, கறுத்துப்போன என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து அழுதாள். "ஏளா, ஒன்ன இப்படிப் பாக்க முடியலளா."

உள்ளே போய்ப் படுத்தேன். மனசு இளகிப் போயிருந்தது. எட்டு எண்ணுவதற்குள் மூச்சு நடுங்கி, மெஷின் நின்றது. மறுபடி பிடித்தேன், மறுபடி நின்றது. இப்போது இவளை மன்னித்தால் என் இதயத்துக்குத்தான் கேடு என்று பயந்துபோனேன். கண்ணை இறுக மூடித் திலக் நகரை நினைத்தேன். இருபது வந்தது. மிச்சமிருந்த நாட்களுக்கும் அவளை மன்னிக்கவில்லை.

எல்லாம் முடிந்த அன்று அவள் பாயசம் வைத்தாள். கிண்டிக்கொண்டே கேட்டாள், "எம்மேல ஒண்ணும் கோவம் இல்லல்லா?"

"மைனி, அந்தத் திலக் நகர்ப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிட்டா?" என்றேன்.

கரண்டி சட்டியிலேயே நின்றுவிட்டது. நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். இருபதுவரை அவள் மூச்சு விடவில்லை.