பாம்புக்காது

என் அக்காவின் கணவருக்குப் பாம்புக்காது என்று பட்டப்பெயர். வைத்தது யாரோ, பரப்பியது நான். மூன்றாவது வீட்டில் குழாய் சொட்டினால் இங்கே அவருக்குத் தூக்கம் வராது. பஸ் தெருமுனையில் திரும்பும்போதே எந்த நம்பர் பஸ் என்று சொல்லிவிடுவார். முதல் முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, உட்காரக்கூட இல்லை, மின்விசிறியில் ஒரு திருகு லூசாக இருக்கிறது என்றார். நானோ எலக்ட்ரீஷியன். மானப் பிரச்சினை. உடனே ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். லூசாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அவர்மேல் எனக்குக் கொஞ்சம் கடுப்பு, நிறைய மரியாதை.

மாமாவின் வேலையை வெளியாளுக்கு விளக்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். நிஜமான வாத்தியத்தை நிஜமான ஆளை வாசிக்க வைத்து, ஒவ்வொரு ஸ்வரமாகத் தனித்தனியே பதிவு செய்வார். அப்புறம் கம்ப்யூட்டரில் முன்னும் பின்னும் நறுக்கி, கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தினால் எந்தப் பதிவு ஒலிக்க வேண்டும் என்று ஒன்றொன்றாகப் பொருத்துவார். இதைச் செய்கிற மென்பொருளுக்கு சாம்ப்ளர் என்று பெயர். வில்லைப் பிடிக்கவே தெரியாத ஒருவன் கட்டையை அழுத்தி வயலின் வாசிப்பது இப்படித்தான். கேட்க லேசாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெல்ல, நடுத்தரமாக, பலமாக, மிகப் பலமாக என்று நான்கு அளவில் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு அளவையும் மூன்று தடவை வாசிக்க வேண்டும். ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் இது பொம்மை என்று காது உடனே காட்டிக் கொடுத்துவிடுமாம்.

அதனால் அந்த வீட்டில் மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை யாரும் தும்மக் கூடாது. ஃபிரிட்ஜை நிறுத்திவிடுவார். அதை மறுபடி போட மறந்து எத்தனை நாள் பால் திரிந்திருக்கிறது என்று அக்காவைக் கேட்டால் தெரியும்.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வயதில், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருந்தவள். கொஞ்ச வருஷமாக அவள் "சாப்பிட வாங்க!" என்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களும் எழுந்து வருவார்கள். நாலு மணி வரை பூனை மாதிரி நடப்பாள், நாலு மணிக்கு மேல் கத்தல்தான். புருஷனை மிரட்டி வைத்திருக்கிறாள் என்று நாங்கள் கேலி செய்வோம். அவளும் சிரித்துக்கொள்வாள்.

போன வருஷம் மாமாவுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. இந்த மாதிரி ஒலித் தொகுப்புகளை விற்கிற வெளியூர் கம்பெனி ஒன்று, செல்லோ என்கிற பெரிய வயலினின் எல்லா ஸ்வரங்களையும் பதிவு செய்து கேட்டது. வாசிக்கச் சம்மதித்தது இசைப்பள்ளியில் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற செல்லோ டீச்சர். அவர் அடுத்த மாதம் மகளோடு இருக்கப் போகிறார், செல்லோவையும் விற்றாகிவிட்டது. இருப்பது பதினோரு மதியங்கள்தான்.

பதிவறையில் பழைய டியூப்லைட் உர்ரென்று உறுமுகிறது, மாற்றிக் கொடு என்று மாமா என்னைக் கூப்பிட்டார். புது எல்.இ.டி. ஒன்றை மாட்டி சுவிட்சைப் போட்டேன். உறுமல் போய்விட்டது. ஆனால் மெல்லிய ஊசி மாதிரி வேறொரு சத்தம் வந்தது.

"மாமா, கீன்னு ஒரு சத்தம் வருதே?"

ஏணிக்குக் கீழே நின்றவர் தலையைச் சாய்த்தார். கண்ணை மூடினார். எப்போதும் நொடியில் பதில் சொல்கிறவர் ரொம்ப நேரம் அப்படியே நின்றார்.

"ஓ, அதுவா? அது மைக்ல ஏறாது மாப்ள. நீ எறங்கு."

"அஞ்சு நிமிஷத்துல வேற ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டிடறேன் மாமா."

"காது எனக்கா உனக்கா?"

ஏணியை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சண்டை போட்டாவது அந்த லைட்டைக் கழற்றியிருக்க வேண்டும். இன்றைக்கும் அது என் நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது.

பதினோரு மதியங்களும் நல்லபடியாக முடிந்தன. டீச்சர் ஊருக்குப் போனார். மாமா இரண்டு மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை. நாற்பத்து நான்கு ஸ்வரம், நான்கு அளவு, மூன்று தடவை. மொத்தம் ஐந்நூற்று இருபத்தெட்டுத் துண்டுகள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையில் அலைகளைப் பார்த்துப் பார்த்து நறுக்கினார். ஒருநாள் நான் உள்ளே போனபோது ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்கியது. காதில் மாட்டாமலே வேலை செய்துகொண்டிருந்தார். ஆள் எவ்வளவு தேர்ந்துவிட்டார், பார்த்தே கண்டுபிடிக்கிறார் என்று நான் வியந்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா?

அனுப்பிய மறுவாரம் ஃபோன் வந்தது. நானும் அங்கேதான் இருந்தேன். மாமா ஸ்பீக்கரில் போட்டு, ஒலியை முழுசாக ஏற்றி வைத்தார். பேசியது கம்பெனியில் தொகுப்புகளைக் கேட்டுச் சரிபார்க்கிற பெண்.

"சார், பதிவெல்லாம் பிரமாதம். ஆனா மேல ஒரு விசில் இருக்கு. ஒரு ஸ்வரத்துல அவ்வளவா தெரியல. பத்துக் கட்டையச் சேர்த்து அழுத்துனா பத்து விசிலும் ஒண்ணா சேர்ந்து கொசுக்கூட்டம் மாதிரி வருது. எல்லாத் துண்டுலயும் இருக்கு சார். நீங்க கேக்கலையா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"கேட்டேம்மா. லைட்டோட சத்தம் அது. எடுத்துடலாம்னுதான் இருந்தேன்."

"நாங்களே எடுத்துட்டோம் சார். ஒரு மணி நேர வேலைதான்."

அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது. மாமாவின் முகத்தில்தான் ஈயாடவில்லை. ஒரு மணி நேர வேலைதான், கேட்கிற ஆளாக இருந்தால் போதும். அந்தப் பெண்ணும் அதைப் புரிந்துகொண்டுவிட்டாள் போலிருக்கிறது. அவள் குரல் இறங்கியது.

"இனிமே கேட்டுப் பார்க்கற வேலைய இங்கயே வச்சுக்கறோம் சார். நீங்க பதிவு மட்டும் பண்ணிக் குடுங்க."

"என்னம்மா?"

அவள் மறுபடி சொன்னாள். அதற்கப்புறம் பதிவு வேலையும் வரவில்லை. செய்தி எப்படிப் பரவியதோ, மற்ற கம்பெனிகளும் கூப்பிடவில்லை. அக்காவும் நானும் அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனோம். நரம்பு போய்விட்டது என்றார். திரும்புமா என்று அக்கா கேட்டாள். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். அக்கா அழவில்லை. அவளுக்கு இது ஒன்றும் புதுச் செய்தி இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருஷமாக அவள் யாரை மிரட்டுவதற்கும் கத்தவில்லை. அவருக்குக் காது மங்குகிறது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, மாமாவிடமும்தான். நாங்கள் சிரித்ததையெல்லாம் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த லைட்டைக் கழற்றிவிடலாம் என்று போனேன். கழற்றினால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது? கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. மாமா கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். அதன் வலது கோடியில், நாலைந்து கட்டைகளுக்கு ஒன்றாக, மூன்று சிவப்பு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் ஒரு தேதி.

"என்ன மாமா இது?"

"கிட்ட வந்து சொல்லு."

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். சொன்னார். சாம்ப்ளரில் வாத்தியத்துக்குப் பதிலாக வெறும் ஒலிகளைப் பொருத்தி வைத்திருக்கிறார். இடது கோடியில் கனத்த சத்தம். வலப்பக்கம் போகப் போகக் கூர்மையாகிக்கொண்டே போய், கடைசிக் கட்டையில் நாய்க்கு மட்டும் கேட்கிற சத்தம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இடமிருந்து அழுத்திக்கொண்டே போவாராம். கேட்பது எந்தக் கட்டையில் நிற்கிறதோ அங்கே ஒரு ஸ்டிக்கர்.

தேதிகளைப் பார்த்தேன். மூன்றுமே நான் அந்த லைட்டை மாட்டியதற்கு முந்தியவை. அதற்கப்புறம் ஒன்றுகூட ஒட்டவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சேவா மாமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டுச் சொல்லியிருக்க மாட்டேனா?"

"இந்த வேலையில காது போச்சுன்னு எப்படிச் சொல்றது?" என்றார். ஒரு ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். "இந்த ஸ்டிக்கர்கூட எவ்வளவு நெசம்னு தெரியல மாப்ள. நானே அழுத்துனா கேக்காததும் கேக்கற மாதிரி இருக்கு. நீ அழுத்து. எனக்குக் கேட்டா கைய தூக்கறேன்," என்று கட்டைகளிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டார்.

அழுத்தினேன். ஒவ்வொரு கட்டைக்கும் கை எழுந்தது. முதல் ஸ்டிக்கரைத் தாண்டினேன். கை எழுந்தது. இரண்டாவதையும் தாண்டினேன். அப்போதும் எழுந்தது. எனக்கு ஒரு நப்பாசை, டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டாரோ என்று. பிறகுதான் கவனித்தேன். அணைந்து கிடந்த கம்ப்யூட்டர் திரையில் என் தோள் தெரிந்தது. அவர் பார்வை அதிலேயே இருந்தது.

தோளை மட்டும் அசைத்தேன். கட்டையைத் தொடவில்லை. அவர் கையைத் தூக்கினார்.

"கேக்குது," என்றார்.

நான் கையைக் கட்டைகளிலிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"அழுத்தலையா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் கையைக் கீழே இறக்கினார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "முதல்லேர்ந்து" என்றார்.

இடது கோடியிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை மூன்று ஸ்டிக்கர்களில் எதையுமே எட்டவில்லை. எல்லாவற்றுக்கும் ஒன்பது கட்டைகள் முன்னாலேயே கை மடியில் நின்றுவிட்டது. எழும் எழும் என்று அதே கட்டையை நான் திரும்பத் திரும்ப அழுத்தினேன். காதைக் கிழிக்கிற மாதிரி கேட்டது எனக்கு. கடைசியில் அவரே எழுந்து வந்து, என் விரலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது ஸ்டிக்கரை ஒட்டினார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இன்னைக்கு என்ன தேதி மாப்ள?"

சொன்னேன்.

"என்ன?"

என்னையறியாமல் என் குரல் உயர்ந்தது. அக்கா கத்துகிற அதே கத்தலில் தேதியைச் சொன்னேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டார்.