கல் இல்லாத பித்தப்பை

அருப்புக்கோட்டை பஜாரில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. கல்லாவில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தால் கடைக்கு முன்னால் கூட்டம் மொய்க்கும், ஆளாளுக்குக் கதை பேசுவார்கள். நான் உட்கார்ந்தால் வரிசையில் நிற்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்; அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எண்பதுகளின் கடைசியில், வலது விலாவுக்கு அடியில் ஒரு வலி வந்தபோதுதான் அந்த வாயையும் மூடிக்கொண்டு கிடக்க வேண்டியதாயிற்று.

சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வரும். ஈரச்சேலையை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழிவது போல உள்ளே பிழியும். அப்படியே முதுகுக்கு ஏறி வலது தோள்பட்டையில் போய்க் குத்தும். குமட்டும், ஆனால் வாந்தி வராது. கடைக்குப் பின்னால் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் வெறும் சிமெண்டுத் தரையில் படுத்து உருளுவேன். போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். உடனே எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கல்லாவில் உட்கார்ந்துவிடுவேன். அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. சற்று முன் உருண்டவள் இப்போது துவரம்பருப்பு நிறுத்துக் கொடுக்கிறாளே, இவளுக்கு என்ன நோய் இருக்க முடியும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

உள்ளூர் டாக்டர் வாயு என்று சொல்லி, இளஞ்சிவப்பில் குழகுழவென்று ஒரு மருந்து கொடுத்தார். அது கேட்கவில்லை என்றதும் மதுரையில் போய் ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில் கல் இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லை என்ற அந்தச் சொல் அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு ஆளாகவே உட்கார்ந்துகொண்டது. நான் வலி என்று வாயைத் திறந்தால், "அதான் ஸ்கேன்ல ஒன்னுமில்லன்னுட்டாகளே" என்பார்கள்.

இந்த நேரத்தில்தான் மதினி வந்தார். மதினி என் வீட்டுக்காரரின் அக்கா, திருச்சுழியில் வாக்கப்பட்டவர். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் என்பதால், அவர் ஒன்று சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது உள்காமாலை. கண்ணு மஞ்சளாத்தான இருக்கு" என்றார். கடையில் எரிந்த குண்டு பல்புதான் மஞ்சளாக இருந்தது. சொன்னால் யார் கேட்கிறார்கள்.

திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் காமாலைக்குப் பச்சிலை கொடுப்பார்கள். காலையில் வெறும் வயிற்றில் மோரில் கலக்கிக் குடிக்க வேண்டும். மருந்தைவிடப் பத்தியம்தான் கடுமை. எண்ணெய் கூடாது, புளி கூடாது, கறி மீன் கூடாது, தாளித்த வாசனைகூட மூக்கில் ஏறக்கூடாது. மோர்ச்சோறும் உப்புக் குறைத்த கீரையுமாகக் கிடந்தேன். வலி போய்விட்டது! மதினி ஊரெல்லாம் போய்ச் சொன்னார். நானும் அந்தப் பச்சிலைக்காரரை மனசுக்குள் கும்பிட்டேன்.

பத்தியம் இருந்தால் அதை முறிக்க வேண்டும் அல்லவா. அதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு, இன்னும் முட்டை வைக்காத வெடக்கோழியை நல்லெண்ணெயிலேயே வதக்கி, அதை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும். சரியாக முறிக்காவிட்டால் தின்ற மருந்தே திருப்பி அடிக்கும் என்பார்கள். மதினியே கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து, எண்ணெய் மிதக்க மிதக்கச் செய்து போட்டார். நாக்கு செத்துப் போயிருந்த எனக்கு அது தேவாமிர்தம். கழுவிய கை காயவில்லை, தரையில் கிடந்து உருண்டுகொண்டிருந்தேன்.

"முறிச்ச நாளு சரியில்ல" என்றார் மதினி.

மறுபடியும் பச்சிலை, மறுபடியும் பத்தியம், மறுபடியும் வலி போனது. நல்ல நாள் பார்த்து மறுபடியும் முறித்தோம், மறுபடியும் உருண்டேன். இந்தத் தடவை நாளைக் குற்றம் சொல்ல முடியாததால் கோழியைக் குற்றம் சொன்னார்கள். அது வெடக்கோழி இல்லையாம், ஒரு தடவை முட்டை வைத்ததாம். சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த எனக்கு அன்று கோபம்தான் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் மூளை நன்றாக வேலை செய்யும்.

மூன்றாவது தடவையும் மருந்து வந்தது. தினமும் காலையில் வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய், ஒரு சொட்டு குடிக்காமல் அவ்வளவையும் சாக்கடையில் ஊற்றினேன். பத்தியத்தை மட்டும் விடாமல் இருந்தேன். வலி வரவில்லை. அப்படியானால் என்னைச் சொஸ்தப்படுத்தியது பச்சிலை இல்லை; எண்ணெய் இல்லாத சோறு. என்னை உருள வைத்தது நாளும் இல்லை, கோழியும் இல்லை, அந்த நல்லெண்ணெய்.

என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு மதுரைக்குப் போய், இந்தத் தடவை ஒரு வயிற்று டாக்டரைப் பார்த்தேன். சாக்கடைக் கதை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்களேம்மா" என்றார். வெறும் வயிற்றில் ஒரு ஸ்கேன் எடுத்தார். பிறகு, "கேன்டீன்ல ஒரு நெய் ரோஸ்ட் சாப்பிட்டுட்டு வாங்க, மறுபடி பார்ப்போம்" என்று அனுப்பினார். நெய் சொட்டச் சொட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விலாவுக்கு அடியில் முறுக்க ஆரம்பித்தது.

"வந்துருச்சு டாக்டர், வந்துருச்சு!" என்று கத்தினேன். வலிக்காக ஒருத்தி சந்தோஷப்பட்டதை அந்த ஆஸ்பத்திரி அதற்கு முன் பார்த்திருக்காது. இத்தனை வருடம் மூட்டைகளுக்கு நடுவில் ஒளிந்து கிடந்த வலி, டாக்டர் கண்முன்னால் வந்துவிட்டதே என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அவர் விளக்கினார். "எண்ணெய், நெய்யின்னு சாப்பிட்டா பித்தப்பை சுருங்கிப் பித்தத்தை வெளிய விடும். எல்லாருக்கும் அளவா சுருங்கும். உங்களுக்கு ஒரேயடியா சுருங்குது. அதுக்குச் சுறுசுறுப்பு ஜாஸ்தி."

"எங்க வீட்டுல சுறுசுறுப்பா இருக்கிறது அது ஒன்னுதான்" என்றேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"கல் இருந்தா எடுத்திருங்கன்னு நானே சொல்லிருவேன். கல் இல்லாம எடுத்தா நிறையப் பேருக்கு வலி போயிருது, சில பேருக்குப் போறதில்ல. நீங்க எந்தப் பக்கம்னு என்னால உறுதி சொல்ல முடியாது. எண்ணெய்ய ஒதுக்கிட்டு இப்படியேவும் இருக்கலாம், உயிருக்கு ஒன்னும் ஆகாது. யோசிச்சுச் சொல்லுங்க."

திரும்பும்போது காரியாபட்டியில் பஸ் நின்றது. என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக வெள்ளரிப்பிஞ்சு வாங்கி என் மடியில் வைத்தார். "இதுல எண்ணெய் இல்ல, சாப்பிடு" என்றவர், பஸ் கிளம்பியதும் மெதுவாக ஆரம்பித்தார். "எண்ணெய்ய விட்டா வலி வராதுல்ல. அப்புறம் எதுக்கு ஆப்ரேசன்?"

"ஆயுசுக்கும் பத்தியமா? நீங்க இருப்பீகளா?" என்று பிடித்துக்கொண்டேன்.

அவர் வெளியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்கம்மா காய்ச்சல்ல செத்தான்னு உங்கிட்டச் சொல்லியிருக்காக. காய்ச்சல் இல்ல. கர்ப்பப்பை ஆப்ரேசன். பஸ்ஸுக்கு நடந்து போனா. எனக்கு அதிரசம் சுட்டு வச்சிட்டுப் போனா. வண்டியில போட்டுத்தான் கொண்டாந்தாக. எனக்குப் பயமா இருக்கு. நீ போயிட்டா நான் என்ன செய்வேன்?"

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். அருப்புக்கோட்டை வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். சரி, இந்த மனிதருக்காக முயன்று பார்ப்போம் என்று அன்றே எண்ணெயை விட்டேன்.

ஒரு வருடத்துக்கு மேல் இருந்து பார்த்தேன். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆனது. கடைக்கு வருகிறவர்கள் சர்க்கரையா என்றார்கள். என் முதுகுக்குப் பின்னால் அதைவிடப் பெரிய நோயின் பெயரைச் சொன்னார்கள். கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்து வெறும் சோற்றில் மோர் ஊற்றித் தின்றால், சமைத்தவருக்குக் கோபம், வைத்தவருக்குக் கோபம். அதையெல்லாம்கூடச் சமாளித்துவிடுவேன். ஆனால் எதில் என்ன கலந்திருக்கும், எங்கே விழுவேன் என்று எந்நேரமும் வயிற்றையே கவனித்துக்கொண்டிருப்பது இருக்கிறதே, அது என் சுபாவத்துக்கு ஆகாது. கல்லாவில் உட்கார்ந்து அதட்டுகிற என் குரல் தாழ்ந்துகொண்டே வந்தது. வேறு யாரும் கவனித்தார்களோ என்னவோ, நான் கவனித்தேன்.

அந்த வருடம் குலசாமிக்குக் கிடாவெட்டு. பந்தியில் நான் மோர்ச்சோறோடு உட்கார்ந்திருந்தேன். மதினி வாளியோடு வந்தார். "சாமி கறிய ஒதுக்குனா குடும்பத்துக்கு ஆகாது" என்று இலையில் வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தின்றேன். கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில், சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் முன்னால், பட்டுச்சேலையோடு மண்ணில் புரண்டேன். சாமி வந்துவிட்டதென்று யாரோ விபூதி கொண்டுவந்தார்கள். என் வீட்டுக்காரர் அவர்களை விலக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டே இருந்தார்.

வலி அடங்கியதும் எழுந்து உட்கார்ந்து சொன்னேன். "மதுரைக்குப் போவோம். எடுத்தா வலி போகலாம், போகாமலும் இருக்கலாம். எடுக்காட்டி இது போகவே போகாது. எனக்கு அந்த ஒரு வழி போதும்."

அவர் மறுநாள் கடை திறக்காமல் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சின்னச் சின்ன ஓட்டை போட்டு, டிவி பெட்டியில் பார்த்துக்கொண்டே எடுக்கும் முறை மதுரைக்கு அப்போதுதான் வந்திருந்தது. என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவருடைய முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. "வந்துருவேன். கல்லாச் சாவியத் தொலைச்சிராதீக" என்றேன். எனக்குப் பயமே இல்லையா என்றால், இருந்தது. அவர் பயமே அந்த இடம் முழுக்க நிறைந்து கிடந்ததால் என் பயத்துக்கு நிற்க இடமில்லை.

வந்துவிட்டேன். சில வாரங்கள் வயிறு இளகிக் கிடந்தது, பிறகு சரியாயிற்று. கடுகும் கருவேப்பிலையும் தாளித்த குழம்பை முதல் தடவை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரம் பூரி தின்றேன். அதற்கும் வரவில்லை.

என்னைப் பார்க்க மதினி ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார், பின்னாலேயே சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர். எங்கள் பக்கம் வயிற்றில் கல் எடுத்தவர்கள் அதைச் சின்ன மருந்துக் குப்பியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். கல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மரியாதை. மதினி உட்கார்ந்ததும், "எங்க கல்லு, காட்டு" என்றார்.

"கல்லு இல்ல மதினி. பையத்தான் எடுத்தாக."

"ஒன்னுமே இல்லாமலா போயி வயித்த அறுத்துக்கிட்டு வந்த?" மதினி சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. சரியான பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் வாசலில் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் பேசினார். அக்கா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி அறியாத மனிதர்.

"ஒன்னுமில்லன்னு சொல்லாதக்கா. இத்தன வருசமா மூட்டைக்கு நடுவுல அவ கிடந்து துடிச்சத நாந்தான் பாத்தேன். நான் பாத்தது போதும். வேற எதையும் காட்ட வேண்டியதில்ல."

சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். மதினி ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். வலிக்காக நான் ஒரு நாளும் அழுததில்லை. அன்றைக்கு, அத்தனை பேருக்கும் முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன்.