கல்லாற்றில் நான் விட்ட கயிறு

போன வாரம் ஸ்ரீவராகத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அந்தக் கல்லாறு அட்டைப்படம்... வெள்ளம் மூஞ்சிக்கு நேரா பாய்ஞ்சு வருமே! ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கேன் சார். எப்படி எடுத்தேள்?"

"ரொம்ப ரிஸ்க் சார்" என்றேன், பாயசத்தை உறிஞ்சியபடி.

அப்புறம் பாயசத்தைப் பாதியில் விட்டு இலையை மூடினேன். ரிஸ்க் எடுத்தது யார்? நானா?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு தமிழ்ப் பத்திரிகையின் மழைச் சிறப்பிதழ். கட்டுரை நான், படம் செல்வராஜ். நாகர்கோவில்காரர், கரமனையில் வாடகை வீடு. முகூர்த்த மாதங்களில் கல்யாண ஆல்பம், மற்ற நாளில் என்னைப் போன்றவர்களோடு அலைச்சல். டிஜிட்டல் வராத காலம் — ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம், எது தேறும் என்பது கழுவிப் பார்த்தால்தான் தெரியும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மதிலோ, படகோ, ஓடையோ... எதைத் தாண்டினாலும் முதலில் கேமரா கைமாற வேண்டும். ஆள் அப்புறம்.

வித்துராவைத் தாண்டி மலையாளி டிரைவர் ஜீப்பை நிறுத்தினார். ஜூன் மழையில் கல்லாறு இரைந்துகொண்டு போனது. கரையிலிருந்தே இரண்டு ரோல் எடுத்துவிட்டு, "போதும் சார்" என்றார் செல்வராஜ். எனக்குப் போதவில்லை. என்னுடைய முதல் அட்டைப்படக் கட்டுரை ஆயிற்றே!

"கரையிலேர்ந்து எல்லாரும்தான் எடுப்பா. அதோ, அந்தப் பாறையிலேர்ந்து எடுத்தா?"

அவர் பாறையைப் பார்த்தபடி கேமராவில் புது ரோல் மாட்டினார்.

"பாசி கெடக்கு சார், வழுக்கும்... செரி, இடுப்புல கயிறு கெட்டிக்கிடுதேன். விட்டுராதீங்க, என்னா?"

"பின்னே நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். பெரிய மனுஷன் பேச்சு!

ஜீப்பில் கிடந்த கயிற்றைக் கட்டிக்கொண்டு போனார். மறுமுனை என் இரண்டு கையிலும். பாறையில் குப்புறப் படுத்து, தண்ணீர் மட்டத்துக்குக் கேமராவை இறக்கி ஒரு ரோல் முழுக்க எடுத்தார். எழுந்து திரும்பினார். கால் வழுக்கியது. விழுகிற நேரத்திலும் மனுஷர் பழக்க தோஷத்தில் கேமராவை என் பக்கம் வீசினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா?

கயிற்றை விட்டுவிட்டுக் கேமராவைப் பிடித்தேன். இரண்டு கையாலும். நல்ல கேட்ச்.

வெள்ளம் அவரை இழுத்துக்கொண்டு போய் அடுத்த பாறையில் மோதியது. ஜீப் டிரைவர்தான் குதித்துக் கரையேற்றினார். மூச்சு வாங்க டிரைவர் என்னைக் கேட்டார்.

"சாரே, கயறு எந்தினா விட்டே?"

கயிற்றை ஏன் விட்டேன்? கேமராவைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடி நின்றிருந்தேன். செல்வராஜ் மழையில் நடுங்கிக்கொண்டு கிடந்தார்... துண்டு கேமராவுக்கு! சீ, என்ன ஜென்மம் நான்?

வலது மணிக்கட்டில் இரண்டு முறிவு. அந்த வருஷத்து ஆவணிக் கல்யாணங்கள் எல்லாம் வேறு ஆளுக்குப் போயின. கை பழையபடி ஆகவேயில்லை. கனமான கேமராவை நாள் முழுக்கத் தூக்க முடியாது. இப்போது ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் எடுக்கிறார். நானோ அந்த இதழில் பாறை, பாசி, வெள்ளம் என்று ஒரு பக்கம் அளந்திருந்தேன். கயிற்றைப் பற்றி ஒரு வரி கிடையாது.

விபத்து நடந்து ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஜெயா டீ கொண்டுவந்தார்.

"கயிறு அறுந்துட்டுன்னு சொன்னாவ சார். நீங்க மட்டும் பக்கத்துல இல்லேன்னா இவிய கதி என்ன ஆயிருக்கும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கட்டுப் போட்ட கையோடு செல்வராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மானத்தைக் காப்பாற்றப் பெண்டாட்டியிடமே பொய் சொல்லியிருக்கிறார். நான் அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தானே?

"டீ நன்னா இருக்கு" என்றேன்.

இன்றைக்கு நினைத்தாலும் கூசிப்போகிறேன். செல்வராஜ் இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தை ஜெயா விடாமல் படிக்கிறார் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

கயிறு அறுந்து போகவில்லை, ஜெயா.