ஊசிக்குப் பிறகு தூக்க முடியாத பாதம்

காய்ச்சலுக்காகத் திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு நாள் படுத்திருந்தேன். வீட்டுக்குக் கிளம்பும் முன் இடுப்பில் கடைசி ஊசி போட்டார்கள். வராந்தாவில் பாதி தூரம் வந்ததும் என் கணவர் நிறுத்தினார்.

"ஒத்தச் செருப்பு அங்க கெடக்குது. நீ பாட்டுக்கு வெறுங்காலோட நடந்துகினு வர்றியே?"

செருப்பு கழன்றது எனக்குத் தெரியவே இல்லை.

ஊசி இறங்கியபோது வலது பாதம் வரை கரண்ட் அடித்தது போலிருந்தது. கத்திவிட்டேன். "கொஞ்ச நேரத்துல சரியாயிடுங்க" என்றார் செவிலியர். மறுநாள் பாதத்தைத் தூக்க முடியவில்லை. விரல்கள் தரையில் இழுபட்டன. திரும்பப் போனபோது அங்கிருந்த மருத்துவர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "உங்களுக்குச் சர்க்கரை இருக்குதுல்ல, அதனாலதான்" என்று மாத்திரை எழுதினார்.

மூன்று வாரம் மாத்திரையோடு போயிற்று. பிறகு விழுப்புரத்தில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனோம். நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் மின்துடிப்பு சரியாக ஓடுகிறதா என்று அளப்பது) செய்தார். இடது காலில் குறை இல்லை.

"சர்க்கரைன்னா பெரும்பாலும் ரெண்டு காலும் பாதிக்கும்மா. இது ஊசியால இடுப்பு நரம்புல பட்ட அடி."

"காலுக்கு உசுரு திரும்ப வருமா சார்?"

"நகம் வளர்ற மாதிரி மெதுவா வரும். முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது. பயிற்சிய மட்டும் விடாதீங்க."

எங்கள் நிலம் வல்லம் பக்கம். அந்தப் பட்டத்தில் மல்லாட்டைக்கு (நிலக்கடலை) களை எடுக்க நான் இறங்கவில்லை. பாதம் தொங்காமல் பிடிக்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். ஊசி தவறியதைக்கூட மன்னித்திருப்பேன். பழியை என் உடம்பின் மேலேயே போட்டதைத் தாங்க முடியவில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கு இப்படி நேர்ந்திருந்தால், முதலில் சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுதிக் கேளுங்கள். அது நம் உரிமை. என் கணவர் தயங்கினார்.

"எதுக்கு இந்தப் பேஜாரு? அவங்கள எதிர்த்து நம்மால ஆவுமா?"

"பேப்பர்தான கேக்கப் போறோம். வண்டிய எடுங்க."

மூன்று முறை அலையவிட்டுக் கொடுத்தார்கள். அதில் அந்தச் செவிலியரின் குறிப்பு ஒன்று இருந்தது: ஊசி போடும்போது கால் வரை மின்சாரம் பாய்ந்தது போல வலிப்பதாக நோயாளி கூறினார், மருத்துவரிடம் தெரிவிக்கப்பட்டது. என்னிடம் சமாதானம் சொன்னவர், தாளில் உண்மையை எழுதியிருந்தார்.

விழுப்புரம் நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டோம். அங்கும் மருத்துவமனைக்காரர்கள் சர்க்கரையைத்தான் சொன்னார்கள். என் வக்கீல் அந்தக் குறிப்பையும் சோதனை முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வாய்தாக்களுக்குப் படியேறப் பழகியதே எனக்கு ஒரு பயிற்சியானது. வலியைச் சொன்ன பிறகும் காலைப் பரிசோதிக்காதது கவனக்குறைவு என்று தீர்ப்பு வந்தது, இழப்பீடும் கிடைத்தது. நோயாளி சொன்னது உண்மை என்ற பத்தியை வக்கீலை இரண்டு முறை படிக்கச் சொன்னேன்.

வழக்கு நடக்கும்போதே ஒரு காலையில் பெருவிரல் அசைந்தது. இப்போது களை எடுக்கிறேன். தூரமாகப் போனால் மட்டும் பட்டை. மோட்டார் ஓடும்போது வாய்க்காலில் இரண்டு காலையும் வைப்பேன். இடது காலில் உடனே குளிர்கிறது. வலது காலுக்கு அது சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. வரும் என்று தெரியும். அதுவரை நிற்கிறேன்.