பாட்டு மன்றத்தின் வலது ஓரம்

மெத்தைக்காரருக்குப் பாட்டு வராது. தாளமும் வராது. சுருதி எப்படி இருக்கும் என்று கேட்டால், "எந்தக் கடையில கிடைக்குது?" என்பார். ஆனாலும் ஊர்ப் பாட்டு மன்றத்தின் மேடையில் அவரளவுக்கு உட்கார்ந்தவர்கள் யாரும் கிடையாது. பாடுகிறவர்கள் வந்தார்கள், போனார்கள். தலைவர்கள் சண்டை பிடித்துக்கொண்டு வெளியேறி, போட்டி மன்றம் ஆரம்பித்து, அங்கேயும் சண்டை பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். மெத்தைக்காரர் மட்டும் வலது ஓரத்தில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தார்.

எல்லாம் கரையான் செய்த வேலை.

மன்றம் அப்போது ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம், மேலே ஆலாபனை. மேடை என்று சொல்லிக்கொண்டார்களே தவிர, அது நீள நீளமான பலகைகளைச் சேர்த்து ஆணியடித்து மூன்று கட்டைகளின்மேல் கிடத்தியிருந்த ஒரு சமாச்சாரம். இடது கட்டையையும் வலது கட்டையையும் கரையான் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டது. நடுக்கட்டை தேக்கு. அதை லேசாகக் கடித்துப் பார்த்து, பல் உடைந்ததுதான் மிச்சம் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இது யாருக்கும் தெரியாமல், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போஸ்ட்மாஸ்டர் அம்மா வந்து தன் வழக்கப்படி இடது ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மன்றத்தின் முதல் குரல் அந்த அம்மாள்தான். பகலெல்லாம் முத்திரை குத்திக் குத்தி உரமேறிய உடம்பு. நடுவில் உட்காரலாமே என்பீர்கள். நடுவில் மின்விசிறி இருந்தது, அந்தக் காற்று பட்டால் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அவர் உட்கார்ந்த வேகத்தில் வலது ஓரம் விருட்டென்று எழும்பியது. அங்கே இருந்த வயலின்காரர் வில்லும் கையுமாகச் சறுக்கிக்கொண்டு வந்து அம்மாளின் மடியில் இறங்கினார். இருவருக்கும் அதற்கு முன் பேச்சுவார்த்தையே கிடையாது.

மன்றத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். அன்றைக்கு மட்டும் அவர் கண், பின்வரிசைக்குத் திண்டு கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்த மெத்தைக்காரரின் இடுப்பில் விழுந்தது. நாளெல்லாம் பஞ்சோடு புழங்குகிற மனுஷன்தான், ஆனால் பஞ்சுக்கும் அவர் எடைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தைத்து முடித்த மெத்தையை அவரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துத்தான் அனுப்புவார். அதற்குப் பிறகு அந்த மெத்தை எதற்கும் அஞ்சாது.

"அண்ணே, ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் உட்காருங்களேன்" என்றார் டாக்டர்.

உட்கார்ந்தார். மேடை தராசு முள் மாதிரி நேராக நின்றது. அந்த ஒரு நிமிஷம் முப்பது வருஷமாகிவிட்டது.

சும்மா ஒருவர் மேடையில் உட்கார்ந்திருந்தால் ஊர் விடுமா? "அவர் யாரு, என்ன வாசிக்கிறாரு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். டாக்டர் மூலையில் கிடந்த தம்புரா ஒன்றைத் தூசி தட்டி மெத்தைக்காரர் மடியில் சாய்த்துவைத்தார். அதில் ஒரு கம்பிகூட இல்லை. சுருதிக்குத்தான் பெட்டி இருக்கிறதே, அது திரைக்குப் பின்னால் ரீங்காரம் செய்துகொண்டிருக்கும். மெத்தைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, நூலை நெருடிப் பழகிய விரல்களால் காற்றை மீட்டினார். அப்படியொரு நயம். வாசித்துப் பழகியவர்களுக்கே அந்த நயம் வராது. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது அவருக்கும் உணர்ச்சி முட்டிக்கொண்டு வரும், "ஆகா" என்று முழு உடம்போடு பின்னால் சாய்வார். அவர் சாய்ந்தால் இடது ஓரம் ஒரு சாண் மேலே போகும், நிமிர்ந்தால் கீழே வரும். மேடை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் பழகிவிட்டார்கள்.

ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல் வந்து உடம்பு இளைத்துவிட்டது. அந்த வாரம் தபலா இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டுபோய் ஹார்மோனியத்தில் மோதின. மன்றமே கதிகலங்கிப்போயிற்று. உறுப்பினர்கள் முறை வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குத் தூக்குச்சட்டி அனுப்பினார்கள். ஊரெல்லாம் இனிப்பு கூடாது, இனிப்பு கூடாது என்று சொல்லித் திரிந்த பல் டாக்டரே இனிப்புப் பொட்டலத்தோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், "எடையைக் குறைங்க, முட்டி தேஞ்சுடும்" என்று சொன்னதற்கு, "அடுத்த மாசம் கச்சேரி இருக்கு சார்" என்று பதில் சொல்லிவிட்டு வந்தார் மெத்தைக்காரர்.

"ஊர்ல அவனவன் பாடிப் பேர் வாங்குறான், ஆடிப் பேர் வாங்குறான். எங்க வீட்டுக்காரர் உட்கார்ந்தே பேர் வாங்கிட்டார்" என்பாள் அவர் மனைவி. உண்மை தெரிந்த ஆள் வீட்டில் அவள் ஒருத்திதான்.

பேர் வாங்கினதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தப் பேரில் சம்பந்தமும் பண்ணிவிட்டார்கள். மகளைப் பெண் கேட்டு வந்த சம்பந்தியம்மா, வந்ததும் வராததுமாகச் சொன்ன முதல் வார்த்தை இது: "போன சனிக்கிழமை உங்களை மேடையில பார்த்தேன். தம்புராவை மடியில வச்சிருந்தீங்களே, குழந்தையை வச்சிருக்கற மாதிரி. அந்தச் சத்தம் இன்னும் காதுலயே நிக்குது. இந்த வீட்டுல பொண்ணு எடுத்தா கண்ணை மூடிட்டு எடுக்கலாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

மெத்தைக்காரர் வாயைத் திறந்தார். மனைவி அவர் காலை மிதித்தாள். வாயை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து சம்பந்தியம்மா தன் தெருவில் தம்புரா சம்பந்தி, தம்புரா சம்பந்தி என்று முழங்கிக்கொண்டிருந்தாள். பொய்யென்று தெரிந்தால் அந்த நாக்கு மகளை எப்படிக் குடையும் என்று நினைக்கும்போதெல்லாம் மெத்தைக்காரர் தைத்த தையலையே பிரித்துத் திரும்பத் தைப்பார்.

இப்படி இருக்கையில் சைக்கிள் கடைக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. மன்றம் இடம் தேடி அலைந்து, கடைசியில் மூடிக்கிடந்த ஐஸ் தொழிற்சாலை ஒன்றைப் பிடித்தது. கனத்த சுவர், உயர்ந்த கூரை, பனிக்கட்டிப் பாளங்களைத் தூக்கிய இரும்புச் சங்கிலிகள்கூட மேலே அப்படியே தொங்கின. உள்ளே புது சிமெண்டு மேடை.

பல் டாக்டர் அதன்மேல் ஏறிக் குதித்துக் காட்டினார். "பாருங்கண்ணே, யானை ஏறினாலும் அசையாது!"

மெத்தைக்காரருக்கு அந்த யானை தன் நெஞ்சில் ஏறின மாதிரி இருந்தது. "அப்போ... நான் எங்க டாக்டர் உட்கார்றது?"

"உங்களுக்கு இனி ஓய்வுண்ணே. முதல் வரிசையில நாற்காலி. உங்களுக்குன்னு ரெண்டு நாற்காலியாவே சேர்த்துப் போடச் சொல்லிட்டேன்."

"இல்ல, ஓரமா, ஒண்டிக்கிட்டு... தம்புராவையாவது புடிச்சுக்கிட்டு..."

"அதான் புதுசு வாங்கியாச்சே. கம்பியோட! வாசிக்க ஆளும் வந்தாச்சு" என்றார் டாக்டர் சந்தோஷம் தாங்காமல்.

திறப்பு விழாவுக்குச் சம்பந்தியம்மா வராமல் இருப்பாளா? நல்ல புடவை கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றாள். மெத்தைக்காரர் ஆள்காட்டி விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார்.

"என்ன சம்பந்தி, விரல்ல?"

"வலி. வாசிக்கவே கூடாதுன்னுட்டார் டாக்டர்."

"எந்த டாக்டர்?"

"பல் டாக்டர்" என்று உளறிவிட்டார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். சம்பந்தியம்மா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். மெத்தைக்காரர் பக்கத்தில் தன் இரட்டை நாற்காலியில் உட்கார்ந்தார்.

கூட்டம் நிரம்பி வழிந்தது. போஸ்ட்மாஸ்டர் அம்மா பாட ஆரம்பித்தார். கீழ்ச் சுரங்கள் தேனாக ஒழுகின. நடுவில் ஒரு குறையும் இல்லை. பாட்டு மேலே ஏறி ஏறி, உச்சிக்கு ஒரு படி இருக்கும் இடத்துக்கு வந்தது. அம்மாள் வழக்கம்போலக் கண்ணை மூடினார், கையை விரித்தார், காத்திருந்தார்.

வரவில்லை. குரல் பாதி வழியில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி நின்றது.

திரும்பக் கீழே இறங்கி வந்து ஏறினார். அதே இடம், அதே நிறுத்தம். மைக்கைத் தள்ளி வைத்தார்கள். வெந்நீர் கொடுத்தார்கள். மூன்றாவது தடவையும் கண்ணை மூடிக் கையை விரித்தவர், அப்படியே கையை மடியில் போட்டுக்கொண்டார்.

"தானா போகும் டாக்டர்" என்றார். "அந்த இடம் வந்தா யாரோ என்னைத் தூக்கி விட்ட மாதிரி இருக்கும். இன்னிக்கு யாருமே தூக்கலையே. வயசாயிடுச்சு. நான் இத்தோட நிறுத்திக்கறேன்."

மூன்று தடவையும் அந்த இடம் வந்தபோது முதல் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டதை யாரும் கவனிக்கவில்லை. மெத்தைக்காரர் "ஆகா" என்று பின்னால் சாய்ந்ததில் எழுந்த சத்தம் அது. மூன்றாவது கிறீச்சில்தான் அவருக்கே உறைத்தது. முப்பது வருஷமாக அந்த அம்மாளை உச்சிக்குத் தூக்கி விட்டது கடவுளும் இல்லை, பயிற்சியும் இல்லை.

எழுந்திருக்கப் போனார். மனைவி வேட்டி நுனியைப் பிடித்தாள். "பேசாம உட்காருங்க. நம்ம பொண்ணை நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தார். மேடையில் போஸ்ட்மாஸ்டர் அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். வேட்டி நுனியை மெல்ல உருவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பனிக்கட்டியைச் சறுக்கிவிடுகிற நீளப் பலகை ஒன்று சுவரோரம் சாத்தியிருந்தது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார். மேடை ஓரத்தில் கிடந்த ஒரு மரக்கட்டையைக் காலால் உருட்டி நடுவில் வைத்து, அதன்மேல் பலகையைப் போட்டார்.

"அண்ணே, விரல் வலின்னு..." என்றார் பல் டாக்டர்.

மெத்தைக்காரர் விரலிலிருந்த துணியை அவிழ்த்து டாக்டர் கையிலேயே கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் மன்னிக்கணும். எனக்குத் தம்புரா வாசிக்கத் தெரியாது. நான் வச்சிருந்ததுல கம்பியே கிடையாது. என்னை எடைக்குத்தான் உட்கார வச்சாங்க." பிறகு திரும்பி, "அம்மா, நீங்க அந்த ஓரத்துல உட்காருங்க. நான் இந்த ஓரம்" என்றார்.

சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்க்கிற தைரியம் அவருக்கு வரவில்லை.

போஸ்ட்மாஸ்டர் அம்மா தயங்கித் தயங்கி உட்கார்ந்து, கீழேயிருந்து ஆரம்பித்தார். உச்சிக்கு ஒரு படி இருக்கையில் மெத்தைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா!" என்று சாய்ந்தார். பாருங்கள், வாரக்கணக்காக அடக்கிவைத்த ஆகா அது. பழைய ஒரு சாண் எல்லாம் அதற்குப் போதவில்லை. அம்மாள் விர்ரென்று மேலே போனார். குரல் அவரையும் முந்திக்கொண்டு போய்க் கூரையைத் தொட்டது. இத்தனை வருஷமாகக் கூரை இடுக்கில் உருகாமல் ஒளிந்திருந்த பனியெல்லாம் பொலபொலவென்று முன்வரிசைக்காரர்கள் தலையில் கொட்டியது. அம்மாள் இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பாதியில் இறங்குவானேன் என்று மிச்சப் பாட்டையும் அங்கேயே தொங்கியபடி பாடி முடித்துவிட்டுத்தான் கீழே வந்தார். கைதட்டலில் தபலாக்காரர் தன் வாத்தியம் தானாக முழங்குவதாக நினைத்துப் பயந்துபோனார்.

கைதட்டல் அடங்குவதற்குள் சம்பந்தியம்மா படியேறி வந்துவிட்டாள். மெத்தைக்காரர் பலகையிலேயே ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். மேடைக்குக் கீழே மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"கம்பியே கிடையாதா?"

"கிடையாது சம்பந்தி."

"அப்போ நான் கேட்ட சத்தம்?"

"அது பெட்டி. திரைக்குப் பின்னால இருக்கும்."

"பெட்டியை நம்பியா நான் சம்பந்தம் பண்ணினேன்? தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேனே! நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வெளிய போவேன்?"

"தப்பு என்னோடது. என்னை என்ன வேணாலும் சொல்லுங்க. பொண்ணை ஒண்ணும் சொல்லிடாதீங்க. அவளுக்கு எதுவும் தெரியாது."

சம்பந்தியம்மா பலகையைப் பார்த்தாள். சங்கிலியைப் பார்த்தாள். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்த போஸ்ட்மாஸ்டர் அம்மாவைப் பார்த்தாள். பிறகு மைக்கை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, குரலை இறக்கினாள்.

"அவளை நான் எதுக்குச் சொல்றேன், அவ தங்கம். விஷயம் வேற. சின்ன வயசுல நானும் பாடுவேன் சம்பந்தி. நல்லாவே பாடுவேன். அந்த மேல இருக்கற இடம் மட்டும் எட்டவே எட்டாது. எங்க வாத்தியார், உனக்கு அவ்வளவுதான்னு சொல்லிட்டார். அன்னிக்கு விட்டதுதான்."

சொல்லிக்கொண்டே புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். கூட்டம் திரும்பவும் நாற்காலியில் அமர்ந்தது. பல் டாக்டர் ஓடிப்போய் மைக்கை அவள் பக்கம் திருப்பினார்.

"நான் அந்தம்மா அளவுக்குக் கனமில்லை. பார்த்துச் சாயுங்க" என்றாள்.

மெத்தைக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாகப் பாதி எடைக்கு உட்கார்ந்தார்.