விசிலைக் கவ்விய பற்கள்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலருக்குக் கட்டுரை எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் ஒப்படைத்தபோது, நாலு பேர் வைத்துப் படிப்பது, மரியாதையாக எழுது என்றார். அதோடு நிற்கவில்லை. பல்லைப் பற்றி மட்டும் எழுதிவிடாதே என்றும் கேட்டுக்கொண்டார். முதல் வேண்டுகோளை முடிந்தவரை நிறைவேற்றுகிறேன். இரண்டாவது என்னால் ஆகாது. அண்ணி மன்னிக்க வேண்டும்.

இதை உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொன்னால் பொய். ஒரு வரி எழுதுவதும், எழுந்துபோய்ப் பாலை இறக்குவதும், வந்து அந்த வரியை அடிப்பதுமாக இருக்கிறேன். காரணம் துக்கம் மட்டுமில்லை. அண்ணனுக்கு மூன்று ஆண் பிள்ளைகள். மூவரும் நல்ல பிள்ளைகள், நல்ல வேலையில் இருப்பவர்கள். அவர்களில் ஒருவனுக்குப் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. இன்று நேற்றல்ல, பல வருடமாக. குழாயைத் திறந்துவிட்டு யாருக்கும் தெரியாமல் கழுவிவிடுகிறான். அண்ணன் கடைசியாக என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது அவனைத்தான். கூப்பிட்டால் "அடுத்த வாரம் அத்தை" என்பான். அந்த அடுத்த வாரம் இந்த ஓராண்டில் வரவே இல்லை. பொறுமை போய் ஒருநாள் சொல்லிவிட்டேன்: நீ டாக்டரிடம் போகாவிட்டால் நினைவு மலரின் கடைசிப் பத்தியில் உன் பெயரை இனிஷியலோடு போட்டுவிடுவேன் என்று. அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

இனி முறைப்படி தொடங்குகிறேன்.

அண்ணன் பிறந்தது அனகாபுத்தூரில், ஆற்றை ஒட்டிய சந்தில். அப்பா பம்மலில் தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தார். மழைக்காலத்தில் அடையாறு வீட்டுக்குள் வந்தால், அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவுக்கு ஓடுவது அண்ணன்தான். நான் அழுதால் ஏதாவது பாட்டை விசிலடிப்பார். அப்போது அவருக்கு எல்லாப் பற்களும் வரிசையாக இருந்தன.

அப்பாவுக்கு நாற்பது வயது தாண்டுவதற்குள் பற்கள் எல்லாம் விழுந்துவிட்டன. தாத்தாவுக்கும் அப்படித்தானாம். "நம்ம வம்சத்துக்குப் பல்லு நிக்காது" என்று அப்பா சொல்லுவார், ஏதோ பட்டா நிலத்தைப் பற்றிச் சொல்வதுபோல. எங்கள் வீட்டில் ஒரு சட்டமும் இருந்தது. ஈறில் எந்தப் பக்கம் ரத்தம் வருகிறதோ அந்தப் பக்கம் பிரஷ் போடக் கூடாது. புண்ணான இடத்தைப் போய் யாராவது தேய்ப்பார்களா என்பது அதற்கு நியாயம். அம்மா உப்புத் தண்ணீர் தருவார், கிராம்பு தருவார். வலி அடங்கும். வலி அடங்கியதும் எல்லோரும் மறந்துவிடுவோம்.

அண்ணன் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அப்பா மறைந்தார். மேலே படிக்க வேண்டிய அண்ணன் பம்மலில் ஒரு லேத் பட்டறைக்குப் போனார். சில ஆண்டுகள் கழித்து மாநகரப் பேருந்தில் கண்டக்டர் வேலை கிடைத்தது. என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதும், பொழிச்சலூரில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்ததும் அந்தச் சம்பளம்தான். அண்ணி வந்த பிறகும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

அண்ணனைப் பேருந்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் ஓரிடத்தில் நிற்க மாட்டார். தாம்பரம் வண்டியில் காலைக் கூட்டம் பிதுங்கும். ஒரு கையில் டிக்கெட் கட்டு, அக்குளில் பை, மறு கையில் மேல்கம்பி. ஆகவே விசில் எப்போதும் முன்பற்களுக்கு நடுவில்தான் இருக்கும். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். அத்தனை பேரின் ஏற்றமும் இறக்கமும் அந்தப் பற்களின் பிடியில் இருந்தன என்பதை அப்போது நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

நாற்பதுகளில் அவருக்குச் சர்க்கரை வந்தது. கொஞ்ச நாளில் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. ஈறு சிவந்து வீங்கியது, சில காலைகளில் சீழும் வந்தது. அண்ணி அக்கறையாகச் சொன்னாலும் வம்சக் கதையைச் சொல்லித் தட்டிக்கழித்தார். ஆனால் ஒன்று மட்டும் அவரை உறுத்தியது. எங்கே இறங்கணும் என்று குனிந்து கேட்டால் பயணிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் சில்லறையை நீட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். எல்லோரிடமும் வாய் ஓயாமல் பேசும் மனிதர், கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

அப்புறம் குரோம்பேட்டையில் அது நடந்தது. வண்டி நின்று கிளம்பும் நேரம். ஒரு அம்மாள் இறங்க, ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். நிறுத்தச் சொல்லி விசில் அடிக்கப் பல்லை இறுக்கினார் அண்ணன். ஆடிக்கொண்டிருந்த பல்லில் வலி சுரீர் என்று ஏறி, விசில் வாயிலிருந்து நழுவி விழுந்துவிட்டது. பயணிகள் சத்தம் போட்டதில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். அந்த அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை, புடவை ஓரம் கிழிந்ததோடு சரி. அன்று மாலை அண்ணன் நேராக என் வீட்டுக்கு வந்தார். கொடுத்த காபியைக் குடிக்கவில்லை.

"பல்லு போனா போவட்டும்மா. விசிலு வாயில நிக்கலன்னா அப்புறம் நான் இன்னா கண்டக்டரு?"

அவர் கலங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். மறுநாளே பம்மலில் இருக்கும் பல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து அண்ணனின் கீழ்ப்பற்களின் உள்பக்கத்தைக் காட்டினார். மஞ்சளும் கறுப்புமாக, சுவரில் காய்ந்த சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கிடந்தது. பல்லில் படியும் அழுக்கைத் தினமும் எடுக்காமல் விட்டால் இப்படிக் காரையாக இறுகிவிடுமாம். அதன் அடியில் கிருமிகள் தங்கி ஈறைப் புண்ணாக்கி, பிறகு பல்லைப் பிடித்திருக்கும் எலும்பையே கரைக்குமாம். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது, இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார். அண்ணன் எங்கள் வீட்டுச் சட்டத்தைச் சொன்னார். அதற்கு டாக்டரம்மா சொன்ன பதிலை இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"ரத்தம் வர்றது தேய்க்கிறதால இல்லைங்க, சரியா தேய்க்காம விட்டதால. போன எலும்பு திரும்பி வராது. மிச்சம் இருக்கிறதை நிறுத்தி வைக்கலாம். அதுல பாதி என் வேலை, பாதி உங்க வேலை."

முதல்முறை சுத்தம் செய்துவிட்டு வந்ததும் அண்ணன் என்னிடம் சண்டைக்கு நின்றார். பச்சைத் தண்ணீர் பட்டால் கூசுகிறது, பல் சந்தில் நாக்கு நுழைகிறது, க்ளீன் பண்ணிப் பல்லை ஆட வைத்துவிட்டார்கள் என்றார். அக்கம்பக்கத்திலும் நாங்கள் அப்போதே சொன்னோமே என்றார்கள். அந்தச் சந்து பல் தேய்ந்து வந்ததல்ல, காரை அடைத்துக்கொண்டிருந்த இடம், அது போனதும் காலியாகத் தெரிகிறது, கூச்சம் கொஞ்ச நாளில் தணியும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அண்ணன் காதில் ஏறவில்லை. அடுத்த முறைக்குப் போக மாட்டேன் என்று ஒரே பிடி.

நான் என்ன செய்தேன் என்பது உறவில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒரு காலையில் அவர் வண்டியிலேயே ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். எங்கே இறங்கணும் என்று கேட்டார். நீ டாக்டரிடம் வருகிறேன் என்று சொல்லும் இடத்தில் இறங்கிக்கொள்கிறேன் என்றேன். தன் கைக்காசில் எனக்கு டிக்கெட் போட்டார். தாம்பரம் வந்தது, நான் இறங்கவில்லை. வண்டி திரும்பியது, மறுபடி எனக்கு டிக்கெட் போட்டார். பக்கத்திலிருந்த பெண்கள் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, போய்ட்டு வாங்க சார் என்று சிபாரிசுக்கு வந்துவிட்டார்கள். பல்லாவரம் தாண்டுவதற்குள் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதன்பிறகு அவர் ஒரு முறையும் தவறவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஒவ்வொரு பக்கமாக, ஈறுக்கு அடியில் பல்லின் வேர்வரை சுத்தம் செய்தார்கள். காப்பாற்ற முடியாத ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்தார்கள். ஆடிய முன்பற்களை உள்பக்கமாக மெல்லிய கம்பியால் ஒன்றோடொன்று இணைத்துப் பிடிக்க வைத்தார்கள். மீதிப் பாதி வேலை அண்ணனுடையது. மெத்தென்ற பிரஷ், அதை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்துப் பிடித்துச் சின்னச் சின்ன அசைவு. காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை. பல் சந்துகளுக்குத் தனியாக ஒரு குட்டி பிரஷ். ரத்தம் வரும் பக்கத்தை ஒதுக்காமல் அங்கே இன்னும் கவனமாக. சில மாதத்துக்கு ஒருமுறை டாக்டரம்மாவிடம் காட்டுவது. சோற்றைக் குறைத்து, மாத்திரையை விடாமல் போட்டுச் சர்க்கரையையும் அடக்கினார்.

ஒருநாள் விடிந்தும் விடியாததுமாக அவரிடமிருந்து போன் வந்தது. என்னவோ ஏதோ என்று பதறி எடுத்தேன்.

"தண்ணி வெள்ளையா போவுதும்மா" என்றார்.

துப்பிய தண்ணீரில் ரத்தம் இல்லை என்பதைச் சொல்லத்தான் அந்த போன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பணி ஓய்வு பெறும் நாள்வரை விசிலை அதே பற்களில்தான் பிடித்தார். அன்று அவர் வண்டியின் கடைசி நடையில் நாங்கள் எல்லோரும் ஏறியிருந்தோம். பணிமனைக்குள் வண்டி நுழைந்து நின்ற பிறகும் ஒரு விசில் கூடுதலாக அடித்தார். ஓய்வுக்குப் பிறகு அவர் செய்த அட்டகாசம் உங்களுக்குத் தெரிந்ததே. கல்யாணப் பந்தியில் டிக்கெட் கேட்பதுபோல ஒவ்வொரு இலையாக நின்று, ரத்தம் வருதா, ரத்தம் வருதா என்று கேட்டார். அண்ணி தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் இதைப் படிப்பவர்களில் எத்தனையோ பேரை அவரே ஷேர் ஆட்டோவில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார். அடங்காத ஒரே ஆள் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தான்.

நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் இருந்த அந்தச் சில நாட்களிலும் அண்ணியிடம் பிரஷ் கேட்டு வாங்கினார். நான் பார்க்கப் போனபோது பேச மூச்சு போதவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். அவன மட்டும் கூட்டிகினு போ. சொன்னா கேக்க மாட்டான். அன்னிக்கு பஸ்ல உக்காந்தியே, அந்த மாதிரி உக்காந்துடு."

மறுநாள் அண்ணன் போய்விட்டார். வாய்க்கரிசி போடக் குனிந்தபோது உதடு லேசாகத் திறந்திருந்தது. எங்கள் வம்சத்தில் தன் சொந்தப் பற்களோடு போன முதல் மனிதர் அவர். உள்ளே அந்தக் கம்பிகூட அப்படியே இருந்தது. கையிலிருந்த அரிசியைப் போட எனக்கு மனம் வரவில்லை. அண்ணிதான் என் கையைப் பிடித்துப் போட வைத்தார்.

அண்ணனைக் கடைசிவரை தாங்கிய மருத்துவமனை செவிலியர்களுக்கும், செய்தி கேட்டதும் சீருடையோடு ஓடிவந்த பணிமனை நண்பர்களுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீரும் டீயும் கொடுத்துப் பந்தல் போட்ட எங்கள் தெருக்காரர்களுக்கும், பதினாறாம் நாள்வரை அண்ணியைத் தனியாக விடாத உறவுகளுக்கும், அண்ணனின் பற்களுக்காக அவரோடு மல்லுக்கு நின்ற டாக்டரம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

அச்சகத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தேன். போன சனிக்கிழமை காலை அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலுக்குப் போய், அவன் வண்டியைக் கிளப்பும் நேரத்தில் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவன் வாட்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தன் அம்மாவைப் பார்த்தான். நான் இறங்கவில்லை. வண்டி பம்மலுக்குப் போனது. டாக்டரம்மா அதே கண்ணாடியைக் கொடுத்தார். சுத்தம் செய்து முடித்து அவன் துப்பியபோது தொட்டி சிவந்தது. இந்தமுறை அவன் குழாயைத் திறக்கவில்லை. அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சா அத்தை என்று கேட்டான். இதைவிட மோசம் என்றேன்.

ஆகவே கொடுத்த வாக்குப்படி அவன் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவன் இன்னும் சில முறை போக வேண்டும், இப்போதே பல் கூசுகிறது என்று முணுமுணுக்கிறான். இன்று நினைவு நாள் பந்தியில் மூன்று பிள்ளைகளும்தான் பரிமாறுகிறார்கள். இலைக்கு முன்னால் குனியும்போது மூவரையுமே கேளுங்கள், "அடுத்து எப்ப போறே?" என்று.